பாக்டீரியாவுக்கு வெந்நீர்

குற்றாலம் குளிரும் என்கிற செய்தி தமிழ்நாட்டிலேயே என் ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்தது.

புது மாப்பிள்ளைகளுக்குத் தெரியும். மூக்குறிஞ்சும் குழந்தைகளுக்குத் தெரியும். அருவிக்கரைக் குரங்குகளுக்கு மிக நன்றாகத் தெரியும். ஆனி பிறந்ததும் எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, உடம்பெல்லாம் எண்ணெயோடு பல் கிட்டிக்க அருவியடியில் நிற்கிற அத்தனை பேரும் அந்தக் குளிருக்காகவே வருகிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது தென்காசியில். அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல். பள்ளிக்கூடக் காலத்தில் சீசன் தவறாமல் போய் நடுங்கிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கப்புறம் பொறியியல் படித்தேன். படித்த படிப்பையெல்லாம் திரட்டிக் குற்றாலத்தில் ஒரு தொட்டி கட்டினேன். அந்தத் தொட்டியைப் பற்றித்தான் இந்த வாக்குமூலம்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சென்னையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகள் கட்டித்தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. (கல்யாண வீடுகளில் "கோமதி என்ன வேலை பாக்குதா?" என்று யாராவது கேட்டால், அம்மா "தண்ணி சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவிட்டு உடனே பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.) அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்கள் ஊர் ஊராகப் போய்த் தொட்டி கட்டினார்கள். நான் ஒருத்தி மின்விசிறிக்கு அடியில், டிரேசிங் மேசையில், அவர்கள் கட்டிய தொட்டிகளைப் படமாக நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் சைட் வேண்டும் என்று எங்கள் சீஃப் இன்ஜினியருக்கு மனு எழுதினேன். காரணங்களை எண் போட்டு எழுதினேன். முதல் மனுவில் ஏழு காரணம். நான்காவது மனுவில் பத்தொன்பது. முழுவதையும் படிப்பதைவிடச் சம்மதிப்பது சுலபம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"குற்றாலத்துல ஒரு லாட்ஜ். அறுபது ரூம். உன் ஊர்ப் பக்கம்தானே? டிசைனையும் நீயே பண்ணு, கூட நின்னு ஓட்டியும் காட்டு. சீசன் முழுக்க ஓடிச்சுன்னா இனிமே நீ சைட் இன்ஜினியர். ஓடலைன்னா அந்த மேசையை விட்டு எழுந்திருக்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?" என்றார்.

"சரி சார்" என்றேன். இருபதாவது காரணத்தைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

அந்த லாட்ஜின் சாக்கடை ஒரு வாய்க்காலில் விழுந்து இலஞ்சிப் பக்கத்து வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் லாட்ஜ்காரர்களுக்குத் தொட்டி கட்டும் ஞானம் பிறந்தது.

தொட்டியின் தத்துவம் மிக எளிது. கழிவுநீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அதிலுள்ள பாக்டீரியா பெருகி அழுக்கைத் தின்னும். தின்று கொழுத்தது சேறாக அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீர் வெளியே போகும். எவ்வளவு பெரிய தொட்டி, எத்தனை மணி நேரம் காற்று என்று கணக்குப் போட வேண்டுமானால் முதலில் ஒரு எண் தெரிய வேண்டும்: தண்ணீரின் வெப்பநிலை. சூடு குறைந்தால் பாக்டீரியாவுக்குப் பசி குறையும். சுமாராகப் பத்து டிகிரி குறைந்தால் தின்னும் வேகம் பாதியாகும். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

அந்த எண்ணைத் தென்காசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கண்டுபிடித்தேன். சித்திரை மாத விடுப்பில் வந்திருந்தபோது ஒரு வாளித் தண்ணீரை நிழலில் வைத்து, அதில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். எதையும் முறையாகச் செய்கிறவள் ஆகையால் மூன்று நாள், தினம் மூன்று வேளை அளந்தேன்.

துணி காயப்போட வந்த அம்மா நின்று பார்த்தாள். "ஏட்டி, காய்ச்சல் பாக்குத குச்சியை எதுக்கு வாளிக்குள்ள போட்டிருக்க? வாளிக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"இது குற்றாலத்துத் தொட்டிக்கும்மா."

"குத்தாலத்துத் தொட்டிக்கு எதுக்குட்டி தென்காசி வாளி?"

இந்தக் கேள்வியை நான் அப்போது மதிக்கவில்லை. ஒன்பது அளவுகளின் சராசரி எடுத்து, படிவத்தில் 'வெப்பநிலை: 30' என்று அழகாக எழுதி அடிக்கோடு போட்டேன். மூன்று மைலுக்குள் வானிலை மாறிவிடுமா என்பது என் எண்ணம். (தென்காசி பஸ் ஸ்டாண்டில் வேர்த்துக்கொண்டு பஸ் ஏறி, குற்றாலத்தில் குடை விரித்து இறங்கிய அனுபவம் எனக்கு நாற்பது முறையாவது இருக்கும்.)

மறு வருஷம் வைகாசியில் தொட்டி தயார். லாட்ஜின் பின்புறம், வெந்நீர் போடும் இடத்துக்கும் தென்னைகளுக்கும் நடுவில், நாற்பதாயிரம் லிட்டர் கொள்ளும் சிமென்ட் தொட்டி. பாக்டீரியாவுக்கு விதையாகச் சாணியைக் கரைத்து ஊற்றிக் காற்றை ஊத ஆரம்பித்தோம். லாட்ஜ் மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சி தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னதாம்மா இருக்கு?"

"பாக்டீரியா அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத உயிரு. கோடிக்கணக்குல இருக்கு. அதுகதான் அழுக்கைத் திங்கும்."

"கோடிக்கணக்குலயா?" அண்ணாச்சி இரண்டடி பின்னால் நகர்ந்தார். "அறுபது ரூம் நெறைய மாட்டேங்குன்னு நான் முன்னால உக்காந்து ஒப்பாரி வைக்கேன். பின்னால இத்தனை பேரு குடியிருக்காவளா!"

அன்றிலிருந்து அவர் பாக்டீரியாவை மரியாதைப் பன்மையில்தான் குறிப்பிட்டார். காலையில் நான் போனதும் "அவிய சௌக்கியமா?" என்று கேட்பார். மதியம் "அவியளுக்குச் சாப்பாடு இறங்குதா?" என்பார்.

வைகாசியில் அவிய சௌக்கியமாகவே இருந்தார்கள். லாட்ஜில் ஆள் குறைவு, வெயில் அதிகம். வெளியே வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தொட்டியைப் பராமரிக்கும் முறையைப் பதினோரு அம்சங்களாக எழுதிச் சுவரில் பெயின்ட்டால் எழுதவைத்தேன். முதல் அம்சம்: 'வாரம் ஒரு முறை அடிச்சேற்றில் பாதியை அள்ளி வெளியே போடவும்.' சீஃபுக்குக் கடிதம் எழுதினேன். அதில் 'எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக' என்கிற சொற்றொடரை மூன்று இடத்தில் பயன்படுத்தினேன்.

ஆனி பிறந்தது. மலையில் மேகம் இறங்கிச் சாரல் தொடங்கியது. அறுபது அறைகளும் நிறைந்தன. நாலு பேர் அறையில் ஒன்பது பேர் படுத்தார்கள். ஒவ்வொருவரும் நாளைக்கு மூன்று தடவை அருவியில் குளித்துவிட்டு வந்து, அருவித் தண்ணீரைக் கழுவிக்கொள்ள நாலாவது தடவை குழாயில் குளித்தார்கள்.

தொட்டி முதலில் சாம்பல் நிறமானது. பிறகு முணுமுணுப்பாக நாறத் தொடங்கியது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு.

பதற்றப்படுவது என் வழக்கமில்லை. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நிதானமாக முடிவு செய்தேன். சாயங்காலம் தென்காசிக்கு எடுத்துப் போய் வீட்டு வாளியில் விட்டேன். முப்பது. மறுநாள் குற்றாலத்தில் இருபத்திரண்டு. பஸ் குலுக்கலில் பாதரசம் இறங்கிவிடுகிறது போலும் என்று, அடுத்த நாள் துண்டில் சுற்றி மடியில் வைத்து எடுத்துப்போனேன். இருபத்திரண்டு. நாலாம் நாள் புதிதாக இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோனேன். இரண்டுமே இருபத்திரண்டு காட்டின. அன்று இரவு சாப்பிடும்போது, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அம்மா, குற்றாலத்துல குளிருது" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இதைக் கண்டுபிடிக்கவா உன்னைய அஞ்சு வருசம் படிக்க வச்சோம்?"

இதற்கு நடுவே வேறொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். அது எந்தக் குளிரிலும் எண்ணெயாகவே இருக்கும். புளியறை தாண்டி மலையாளத்துப் பக்கமிருந்து வருகிறவர்களோ தேங்காயெண்ணெய்க்காரர்கள். இருபத்துநான்கு டிகிரிக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். (என் டிசைன் முப்பது டிகிரி ஆகையால் அதற்கு உறைய அனுமதி இல்லை.) லாட்ஜிலிருந்து தொட்டிக்கு வரும் பூமிக்கடிக் குழாயில் அது உறைந்து, சீயக்காய்த் தூளும் தலைமுடியும் சேர்ந்து, வெள்ளைக் கொழுக்கட்டையாக அடைக்க ஆரம்பித்திருந்தது. தொட்டிக்கு வரும் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்தது. பாரம் குறைகிறதே என்று நான் மகிழ்ந்தேன். குளியலறைகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று அண்ணாச்சி சொன்னபோது, "அது உங்க பிளம்பிங், அண்ணாச்சி. என் எல்லை குழாய்க்கு இந்தப் பக்கம்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் சீஃபின் கடிதம் வந்தது. 'எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக ஓடுவதைப் பார்க்க வெள்ளிக்கிழமை மதியம் வருகிறேன். வீட்டிலும் வருகிறார்கள், அருவி பார்க்க.'

அன்று செவ்வாய்க்கிழமை. டிரேசிங் மேசை என் கண் முன்னால் நாலு காலில் நடந்து வந்தது. உட்கார்ந்து பட்டியல் போட்டேன்.

1. குற்றாலத்துக்கு வெயிலை வரவழைப்பது.

2. தொட்டிக்குக் கூரை போடுவது. (நாள் இல்லை.)

3. லாட்ஜில் தங்குகிறவர்களைக் குளிக்க வேண்டாம் என்று சொல்வது. (குற்றாலத்தில்.)

4. தொட்டியைச் சூடாக்குவது.

பொறுமையாக யோசித்து நாலாவதைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பதாயிரம் லிட்டரை எட்டு டிகிரி ஏற்ற, கொதிக்கக் கொதிக்க முந்நூற்று ஐம்பத்தாறு வாளி வெந்நீர் வேண்டும். கணக்கு மிகச் சரி. தொட்டிக்குள் ஓயாமல் புதிதாக வந்துகொண்டிருக்கும் குளிர்ந்த தண்ணீரைச் சேர்க்க மறந்தேனே தவிர, வேறு பிழை கிடையாது.

லாட்ஜின் பின்னால் இரண்டு பெரிய செம்புக் கொப்பரைகள் இருந்தன. ஐம்பது வயது மாடசாமி அண்ணன் விடியற்காலையிலிருந்து விறகெரித்து வெந்நீர் போடுவார். அருவிக்குப் போய்விட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் வாளியோடு அங்கே வரிசையில் நிற்பார்கள். அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன்.

"சாக்கடைக்கா வெந்நி கேக்குதிய?"

"சாக்கடைக்கு இல்லண்ணே. பாக்டீரியாவுக்கு."

"எண்ணெ கிண்ணெ தேச்சு விடணுமா அதுகளுக்கு?"

"எண்ணெ ஏற்கெனவே தேவைக்கு மேல இருக்கு" என்றேன். (அவர் கேலி செய்கிறார் என்பது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.)

அண்ணாச்சி தயங்கினார். "நம்ம பார்ட்டிங்க வெந்நி கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. நான் எழுதித் தாரேன்."

எழுதினேன். முன்வாசல் மேசைக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டினேன்.

அறிவிப்பு

1. வியாழன், வெள்ளி இரு நாட்களும் விருந்தினர்க்கு வெந்நீர் கிடையாது.

2. வெந்நீர் முழுவதும் பின்புறம் உள்ள நுண்ணுயிர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

3. அவை குளிரால் மிகவும் சிரமப்படுகின்றன.

4. விருந்தினர் அருவியில் குளித்துக்கொள்ளலாம்.

5. எக்காரணம் கொண்டும் எவருக்கும் விதிவிலக்கு இல்லை.

இப்படிக்கு, இன்ஜினியர்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் புரட்சி தொடங்கியது. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு ஒரு சாத்தூர்க்காரர் காலி வாளியைத் தொட்டிச் சுவரில் ஓங்கி வைத்தார். "மனுசனுக்குப் பச்சத்தண்ணி, பீத்தண்ணிக்கு வெந்நியா? எந்த ஊரு நியாயம் இது?"

கொல்லத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "அய்யோ, சூடுவெள்ளம் முழுக்க இதிலா?" என்று கன்னத்தில் கை வைத்தார்.

அண்ணாச்சி இரண்டு கைகளையும் விரித்தார். "நான் என்ன செய்யட்டும்? அவிய நடுங்குதாவளாம். இன்ஜினியரம்மா சொல்லுதாவ."

"யாருவே நடுங்குதா? இங்கன நடுங்குதது நானுல்லா!" என்றார் சாத்தூர்க்காரர்.

நான் அசரவில்லை. ஒவ்வொரு வாளிக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு குடைக்குள் நின்றேன். நடக்கத் தோதாக இருந்த கிழக்கு மூலையில் மாடசாமி அண்ணன் வாளி வாளியாக ஊற்றினார். நான் அளந்ததும் அதே கிழக்கு மூலையில்தான். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, முந்நூற்று நாற்பதாவது வாளியில், பாதரசம் முப்பதைத் தொட்டது. சாரலில் நின்றபடி ஆனந்தக் கண்ணீர் விட்டேன். (நாற்றத்தினால் என்றும் சொல்லலாம்.)

மிச்சம் பதினாறு வாளி. மாடசாமி அண்ணனுக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. கொப்பரைக்குப் பக்கத்திலேயே அந்தப் பூமிக்கடிக் குழாயைத் திறந்து பார்க்கும் மூடி ஒன்று இருந்தது.

"எம்மா, இதுக்குள்ளயே ஊத்திருதேனே. எப்படியும் அங்கனதான போவும்?"

"ஊத்துங்கண்ணே" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயார்.

அதே நேரம் முன்வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அண்ணாச்சி பிற்பாடு பலமுறை, பல பேருக்கு, நடித்தே காட்டியிருக்கிறார். சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாக ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சாரலில் நனைந்தபடி ஒரு தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மாளுக்கு ரயிலிலேயே பிடித்த கடும் ஜலதோஷம். மூக்கு செவசெவ என்றிருந்தது.

"முதல்ல இவங்களுக்கு ரெண்டு வாளி வெந்நீர் வேணும்" என்றார் அவர்.

"கிடையாதுங்க" என்றார் அண்ணாச்சி.

"ஜலதோஷம்ங்க. ஒரு வாளியாவது..."

"போர்டைப் பாருங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து அம்சங்களையும் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தாராம்.

"யாருங்க இந்த இன்ஜினியர்?"

"மெட்ராஸ் கம்பெனிப் பிள்ளை. பின்னால நிக்காவ. ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளை. அவிய பெரிய இன்ஜினியரு இன்னைக்கு மத்தியானம் வாராராம். அவரு மனசு குளிரணும்னுதான் இந்தப் பாடு பட்டுக்கிட்டிருக்கு."

"ஓ. அந்தப் பெரிய இன்ஜினியருக்காவது வெந்நீர் உண்டா?"

"அஞ்சாவதைப் பாருங்க. யாரு வந்தாலும் கிடையாது."

பின்பக்கத்தில் பதினாறாவது வாளி குழாய்க்குள் இறங்கியது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு பூமிக்கடியில், விருந்து சாப்பிட்டவர் வயிறு மாதிரி, 'கொடகொட' என்று ஒரு சத்தம். எட்டு நாளாகக் குழாயை அடைத்துக்கொண்டிருந்த தேங்காயெண்ணெய்க் கொழுக்கட்டை உருகிவிட்டது. அதற்குப் பின்னால் தேங்கி நின்ற அறுபது குளியலறைகளின் சோப்பும் சீயக்காயும் அழுக்கும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாய்ந்தன. தொட்டியில் மோட்டார் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரில் காற்று ஊதினால் என்ன ஆகும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நுரை எழுந்தது. முதலில் இட்லி மாவு பொங்குகிற மாதிரி. பிறகு தொட்டியின் விளிம்பைத் தாண்டி, படிகளில் வழிந்து, தென்னை மரங்களைச் சுற்றி, வெந்நீர்க் கொப்பரையையும் அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கியது. மோட்டாரை நிறுத்தலாம் என்று ஓடினால், சுவிட்ச் இருந்த சுவர் நுரைக்குள் போய்விட்டிருந்தது. நாற்றமோ, அதுவரை முணுமுணுத்தது இப்போது மேடையேறிப் பேசியது.

அப்போது சாத்தூர்க்காரர் எண்ணெய்க் குளியல் கோலத்தில் வந்தார். படிகளில் வெள்ளையாக இறங்கி வருவதைப் பார்த்தார். "இது எந்த அருவி? போர்டு ஒண்ணும் காணோமே?" என்று மாடசாமி அண்ணனிடம் கேட்டார்.

"புது அருவி" என்றார் மாடசாமி அண்ணன். "வெந்நி அருவி."

சாத்தூர்க்காரருக்குப் பின்னாலேயே சீஃப் வந்தார். மூக்கில் கைக்குட்டை. கணுக்காலுக்கு மேல் நுரை. பக்கத்தில் அவர் மனைவி. ஜலதோஷத்தால் அந்த முற்றத்தில் எதையும் முகர முடியாத ஒரே பிறவி அவர்தான். "அடடா, எவ்வளவு அழகா இருக்குங்க!" என்று குனிந்து ஒரு கை நுரையை அள்ளினார். சீஃப் அவர் கையைத் தட்டிவிட்டார்.

நான் நுரைக்குள் தடவி சுவிட்சை அணைத்தேன். திடீரென்று எங்கும் அமைதி. விசாரணை தொடங்கியது.

"தண்ணி வெப்பநிலை என்ன?"

"முப்பது சார்."

"எங்க?"

"இந்த மூலையில."

"அந்த மூலையில?"

"இருபத்திரண்டு சார்."

"இந்த மூலையில இருந்ததை எல்லாம் நீ வேகவச்சிட்ட. மிச்சம் இருக்கிறது மூச்சு முட்டிக் கிடக்கு. தண்ணி சூடானா அதுல நிக்கிற காற்று குறையும், தெரியுமா தெரியாதா?"

தெரியும். அதற்கும் பரீட்சையில் முழு மதிப்பெண்.

அவர் சுவரைப் பார்த்தார். பெயின்ட்டில் மின்னிய முதல் அம்சத்தை வாய்விட்டுப் படித்தார். "பாதிச் சேற்றை அள்ளி வெளியே போடவும். இதை மழை ஆரம்பிச்ச அப்புறமும் பண்ணினியா?"

"ஒரு வாரம்கூடத் தவறலை சார்."

"அந்தச் சேறுதானேம்மா பாக்டீரியா! குளிர்ல வேலை மெதுவா நடக்கும்னா ஆளைக் கூட்டணும். நீ வாராவாரம் பாதி ஆளை வேலையை விட்டு அனுப்பியிருக்க." ஒரு பெருமூச்சு. "டிசைன்ல என்ன வெப்பநிலை போட்ட?"

"முப்பது சார்."

"எங்க அளந்தது?"

"எங்க வீட்டு மொட்டை மாடியில."

"வீடு எங்க?"

"தென்காசியில சார். சித்திரை மாசம்."

நுரைக் குமிழிகள் உடைகிற சத்தம் கேட்டது. சீஃபின் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏங்க, நாம எதுக்குக் குற்றாலம் வந்தோம்?" என்று கேட்டார்.

"குளிருக்கு" என்றார் சீஃப், யோசிக்காமல்.

"டிசைன் ஷீட்டைக் கொண்டா" என்றார் என்னிடம். அலுவலக அறையில் அண்ணாச்சியின் மேசையில் அதை விரித்தேன். டிரேசிங் மேசையின் நாற்காலி உயரம்கூட எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சீஃப் பேனாவைத் திறந்து, '30' என்பதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டார். அதற்குக் கீழே ஏதோ எழுதப் பக்கத்தின் அடிக்குப் போனார். பேனா நின்றது.

அடியில், 'கணக்கிட்டவர்' என்ற இடத்தில் என் பெயர். 'சரிபார்த்து ஒப்புதல் அளித்தவர்' என்ற இடத்தில், பச்சை மையில், ஒரு சுழித்த கையெழுத்து.

அவர் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்து மாதிரியே இருக்கே?"

சீஃப் தொண்டையைக் கனைத்தார். பேனாவை மூடினார். திறந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். அரை மணி நேரம் ஏதோ எழுதினார். அந்த அரை மணியில் அவர் பட்ட பாடு எனக்கு இப்போது புரிகிறது. என்னைக் குற்றம் சொன்னால் கையெழுத்து போட்டவரையும் சொல்ல வேண்டும். பொய்யும் எழுதக் கூடாது, நேர்மையானவர். கடைசியில் என் பணிக் கோப்புக்காக அவர் எழுதியது ஒரே ஒரு வரி:

'மேற்படி இன்ஜினியர், குளிர்ப் பிரதேசக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நேரடிக் கள அனுபவம் பெற்றவர்.'

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"சீசன் முடியறவரைக்கும் இங்கேயே இருந்து சரி பண்ணு. வெந்நீரை மனுஷங்களுக்குக் கொடு" என்றார். அவர் மனைவிக்கு அன்று முதல் இரண்டு வாளி வெந்நீரை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

சரியும் செய்தேன். சேறு அள்ளுவதை நிறுத்தினேன். சுவரிலிருந்த பதினோரு அம்சங்களையும் சுண்ணாம்படித்து மறைத்தேன். குழாய்க்கு முன்னால் எண்ணெயைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னத் தொட்டி கட்டினேன். காற்று ஊதும் நேரத்தைக் கூட்டினேன். அளக்க வேண்டியதைத் தொட்டிக்குள்ளேயே, நாலு மூலையிலும் அளந்தேன். ஆடி பாதியில் தண்ணீர் தெளிந்தது. இலஞ்சிக்காரர்கள் ஒருநாள் மண்வெட்டி இல்லாமல் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அண்ணாச்சி மட்டும், "அவிய பழகிக்கிட்டாவ, என்னம்மா? நம்மளைப் போலத்தான்" என்றார்.

ஆக, நான் கேட்டது கிடைத்தது. சைட் இன்ஜினியர் ஆனேன். சென்னைக்குத் திரும்பிய மாதமே ஊட்டியில் ஒரு ஓட்டலிலிருந்து வேலை வந்தது. "குளிர்ப் பிரதேசத்துக்கு நம்மகிட்ட யார் இருக்கா?" என்று கோப்புகளைப் புரட்டினார்கள். அந்த ஒற்றை வரி கிடைத்தது. அதற்கப்புறம் கொடைக்கானல். அப்புறம் ஏற்காடு. அப்புறம் வால்பாறை. மறுபடியும் ஊட்டி. மற்ற பன்னிரண்டு பேரும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் கடற்கரை வெயிலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டி கட்டுகிறார்கள். நான் எட்டு வருஷமாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையுறைக்குள் பேனா பிடிக்க வராமல், பனியில் நின்று தொட்டி கட்டுகிறேன். மாற்றல் கேட்டு ஒன்பது மனு கொடுத்தாயிற்று. கடைசி மனுவில் முப்பத்துநாலு காரணம். 'தங்களைப் போன்ற அனுபவசாலி வேறு யாரும் இல்லை' என்று பதில் வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "பொண்ணு மலை மலையாப் போயி வேலை பாக்குதாளே, குளிரு தாங்குவாளா?"

அம்மா பாயசத்தைப் பற்றிப் பேசவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "அதெல்லாம் எந்தக் குளிரையும் தாங்குவா. ஆனா குளிருதுன்னு பக்கத்துல ஒரு ஆளு எடுத்துச் சொல்லணும். அது மட்டும் அவளுக்காத் தெரியாது."

அந்த வேலைக்கு அன்றே ஆள் எடுத்தாயிற்று. என் கணவர் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிக்கிறார்: "கோமதி, குளிருது. எழுதிக்கோ."

நானும் எழுதிக்கொள்கிறேன்.